வாய்பட்ட ஆப்பிள்

பேரிப்பள்ளத்தில் மரகதவல்லி நட்ட ஆப்பிள் மரம் ஐந்தாம் வருடம் காய்த்தபோது, ஒவ்வொரு பழத்திலும் யாரோ ஒரு வாய் கடித்த தடம் இருந்தது. கடித்த இடம் கறுக்காமல் வெள்ளை வெளேரென்று இருந்தது, அந்த வெள்ளையின் மேல் எச்சில் ஈரமாக மினுங்கியது, துணியால் துடைத்தால் மறுபடி ஊறியது. அந்த மலையூரில் அதற்கு முன்பும் மழைக்குப் பதில் ஒருமுறை தவிடு பெய்திருக்கிறது, ஒரு கிணறு பதினொரு நாள் இருமியிருக்கிறது, அதனால் ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, சரி, இந்த வருடம் இப்படி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மரகதவல்லி மட்டும் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

அவளுக்கு எச்சில் ஆகாது. மலையின் காசநோய் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தெட்டு வருடம் அவள் பார்த்த வேலை அடுத்தவர் சளியைப் பார்ப்பது. காலையில் வரிசையாக வந்து நிற்கும் டப்பிகளைத் திறந்து, பச்சையும் மஞ்சளும் சில நாள் துரு நிறமுமாக நூல்விட்டு நீளும் சளியைக் குச்சியில் சுற்றி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, தீயில் காட்டி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிவப்புக் கோடு கோடாகக் கிடக்கும் கிருமிகளை எண்ணி எழுதுவாள். அந்த வேலை அவளுக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டது. புருஷன் கோதண்டம் வாய் வைத்த டம்ளரில் அவள் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரர் விரலைச் சூப்பினால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். பேருந்து நடத்துனராகவே முப்பது வருடம் கழித்த கோதண்டமோ எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துப் பழகியவர், இப்போதும் செய்தித்தாளை நாக்கில் விரலைத் தொட்டுத்தான் புரட்டுவார், அவர் புரட்டிய தாளை அவள் இடுக்கியால் எடுத்துத்தான் மடித்து வைப்பாள்.

ஆப்பிள் மரம் வைக்கும் எண்ணமே அந்த அருவருப்பிலிருந்து வந்ததுதான். ஓய்வு பெற்ற வாரத்தில், பேருந்து நிலையத்துப் பழக்கடைக்காரன் ஒரு ஆப்பிளைக் கையில் எடுத்து, அதன் மேல் துப்பென்று ஒரு துளி துப்பி, வேட்டி நுனியால் பளபளவென்று தேய்த்து அடுக்கியதை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து கடைப்பழம் கிடையாது. யார் கையும் படாத, யார் மூச்சும் படாத ஒரு பழத்தைத் தன் வீட்டு மண்ணில் வளர்த்துத் தின்ன வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நாற்றுப் பண்ணை வைத்திருந்த இன்னாசியிடம் போனபோது அவர் அவளைக் கன்றுகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"விதை போட்டு ஆப்பிள் வளர்க்கலாம்னு நெனைக்காதீங்கம்மா. விதை அது இஷ்டத்துக்கு எதுவாவோ வரும். ஒட்டுக்கன்றுதான் வாங்கணும். அதுலயும் நம்ம ஊர் குளிர் அதுக்குப் பத்தணும். வடக்க பனி விழுற ஊர் ரகத்த இங்க வச்சா இலைதான் விடும், பூ விடாது. கம்மிக் குளிரு கேக்குற ரகம் இருக்கு, அதத் தாரேன். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல நாலு விரல் நிக்கணும், புதைச்சிடாதீங்க."

"ஒண்ணு போதும்" என்றாள் மரகதவல்லி.

"ஒண்ணு வச்சா காய்க்காது. தன் மகரந்தத்தத் தானே ஏத்துக்காது ஆப்பிளு. பக்கத்துல வேற ஜாதி ஒண்ணு நிக்கணும், தேனீ அங்கயும் இங்கயும் போய்வரணும். அப்பத்தான் பிஞ்சு பிடிக்கும்." அவர் மெலிந்த சிவந்த கன்று ஒன்றை உருவினார். "கிராப் ஆப்பிள். பழம் கோலிக்குண்டு சைஸு, வாயில வச்சா பல்லு கூசும், எவனும் திங்க மாட்டான். ஆனா பூ மூணு வாரம் நிக்கும். எந்த ஆப்பிளுக்கும் சேரும்."

பன்னிரண்டடி தள்ளி இரண்டையும் நட்டாள். முழங்கை ஆழக் குழியில் மக்கிய சாணம் போட்டாள், கையுறை போட்டுக்கொண்டு. தை மாதம் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது குறுக்கே ஓடும் கிளைகளைக் கத்தரித்து நடுவைத் திறந்து விட்டாள். மூன்றாம் வருடம் கிளைக் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் பூச்சி அடைந்தது. அதை நசுக்கினால் பஞ்சுக்குள்ளிருந்து ரத்தம்போல் சிவப்பாகப் பிதுங்கியது. நாள்தோறும் பழைய பல்தேய்ப்பானால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை கை கழுவினாள். நான்காம் வருடம் பூத்து உதிர்ந்தது. ஐந்தாம் வருடம் கிராப் ஆப்பிள் அடியிலிருந்து நுனிவரை இளஞ்சிவப்பாக வெடித்துப் பூக்க, அதைப் பார்த்துப் பொறாமை வந்ததுபோல் ஆப்பிளும் பூத்தது. கொத்துக்கு ஒரு பிஞ்சு விட்டு மற்றதைக் கிள்ளி எறிந்தாள். நின்ற பிஞ்சுகள் எலுமிச்சை அளவு வந்தபோது ஒவ்வொன்றின் கன்னத்திலும் ஒரு குழி விழுந்திருந்தது. பழுக்கப் பழுக்கக் குழி திறந்தது. உள்ளே பல்வரிசை இருந்தது.

அணிலோ வௌவாலோ என்று முதலில் வலை போட்டாள். வலைக்குள்ளும் எச்சில் சொட்டியது. ஒரு பழத்தைப் பாலித்தீன் பையில் கட்டி, தன்னிடம் வேலை பழகி இப்போது லேபில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "மனுச எச்சில்தான்க்கா. வெத்தலை போடுற ஆளு."

கோதண்டம் அந்தப் பழத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் பேருந்தின் நெரிசலில் அந்த மலையின் எல்லா வாய்களும் அவரைப் பார்த்துத் திறந்து இறங்கும் இடத்தைக் கத்தியிருக்கின்றன.

"இது பால்காரர் பொன்னுரங்கம்" என்றார். "மேல ரெண்டு பல்லும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். பாரு."

"தூரப் போடுங்க அதை."

"எதுக்குத் தூரப் போடணும்? பழம் பழம்தானே" என்று சொல்லி அவர் கடித்துவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் அவர் மெல்லும் சத்தம் கேட்டது, சட்டென்று அது நின்றது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "மரகதம்" என்றார். "நாம இத்தனை நாள் தின்னது எதுவும் பழமே இல்ல."

ஊர் தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது, பழகிக்கொள்ள இன்னும் இரண்டு நாள். முதலில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு வந்தவர்கள் தங்கள் வாயைத் தேடி வந்தார்கள், மரத்தடியில் நின்று, உதட்டை விரித்து, பல்லைக் காட்டி, கோதண்டத்தை நடுவராக வைத்துக்கொண்டு. தன் வாய் பட்ட பழத்தைத் தானே தின்றால் வெறும் தண்ணீராக இருக்கிறது, அடுத்தவர் வாய் பட்டதைத் தின்றால்தான் அந்த இனிப்பு வருகிறது என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மரகதவல்லியின் தோட்டத்தில் நடந்ததைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. ஒன்பது வருடம் பேசாத அண்ணன் தம்பி ஒருவர் பல்தடத்தை மற்றவர் நக்கிக்கொண்டு அழுதார்கள், மாமியார் கடித்ததை மருமகள் வாங்கித் தின்றுவிட்டு மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள், பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து ஒரு பழத்தையும் கேட்டார்கள், பள்ளிக்கூட வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு வந்து வரிசையில் நின்றார், எங்கு பார்த்தாலும் உறிஞ்சும் சத்தம், சப்பும் சத்தம், விரல் நக்கும் சத்தம். ஜன்னலைச் சாத்தினால் சமையலறைக்குள்ளும் கேட்டது. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள். அவள் பல் பதிந்த பழம் அந்த மரத்தில் ஒன்றுகூட இல்லை என்று கோதண்டம் ஒருநாள் மெதுவாகச் சொன்னபோது, "நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் வேறொன்றும் அவள் கண்ணில் பட்டது. பறித்த பழங்களைக் கோதண்டம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்கும்போது, சில பெயர்களுக்குக் கை நீளவில்லை. பள்ளத்துக்குக் கீழே இருந்த காலனிக்காரர்களின் பெயர்கள் அவை. அந்தப் பழங்களை யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு சாக்கில் ஒதுக்கினார்கள், சாக்கு நிறைந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள், அந்தப் பக்கம் நின்றவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரே ஊரின் கோழையை நக்கிக்கொண்டிருந்தது, இந்தச் சாக்கைத் தொட்ட கையை மட்டும் குழாயடியில் கழுவியது. மரகதவல்லி குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான சில்லுகளை அவள் பார்த்திருக்கிறாள், எது யாருடையது என்று டப்பியின் மேல் ஒட்டிய சீட்டுதான் சொன்னதே தவிர, உள்ளே இருந்தது ஒருநாளும் சொன்னதில்லை. அது தெரிந்திருந்தும் அவள் ஒன்றும் பேசவில்லை.

மரத்தின் உச்சியில் ஒரு பழம் இருந்தது. அரைக்கிலோ தேறும். மற்றதெல்லாம் பறித்த பிறகும் அது விழாமல் நின்று சிவந்துகொண்டே போனது. ஊரில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவரும், எந்த விசேஷத்திலும் முதல் மாலை யாருக்கு என்று கேட்கத் தேவையில்லாதவருமான செவ்வந்தியப்பன், அது தனக்கு என்று சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்கூடிப் பார்க்க, ஏணி வைத்து அதை இறக்கினார்கள். கோதண்டம் கையில் வாங்கினார். பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் வெளிறியதை மரகதவல்லி பார்த்தாள்.

"யாருதுய்யா?" என்றார் செவ்வந்தியப்பன்.

"உங்க சம்சாரத்துதுங்க முதலாளி" என்றார் கோதண்டம்.

செவ்வந்தியப்பன் சிரித்துக்கொண்டே, பல்தடத்தை ஒட்டியே வாயை வைத்துக் கடித்தார். கண் மூடினார். சாறு மோவாயில் இறங்கி, கழுத்துச் சங்கிலியில் நின்று, சட்டைக்குள் போனது. பாதிப் பழம் போன பிறகு சொன்னார், "நாப்பது வருசமா கூட இருக்கா, அவ வாயில இப்படி ஒரு தேனு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மூக்காயி. காலனியிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து, மரகதவல்லி பார்த்து முடித்த சளி டப்பிகளை இருபத்தெட்டு வருடம் வாரிக்கொண்டுபோய் எரித்தவள். வாளி இடித்து முன்பல் இரண்டும் ஏணிப்படிபோல் உடைந்தவள்.

"என் பல்லுல்ல அது?" என்றாள், உதட்டை விரித்துக் காட்டி. அவள் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, பேருந்தில் தொலைத்த பையைக் கண்டவள்போல்தான் சொன்னாள்.

செவ்வந்தியப்பன் மீதிப் பழத்தைப் பார்த்தார். ஏணிப்படி அப்படியே இருந்தது. அடுத்த ஒரு நாழிகை அந்தத் தோட்டத்தில் நடந்ததை மரகதவல்லி தன் ஆயுளில் பார்த்த எந்த டப்பியோடும் ஒப்பிட முடியாது. அவர் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரித்தார், காறினார், துப்பினார், அவருக்காக நாலு பேர் சேர்ந்து துப்பினார்கள், ஒருவர் மாட்டுக் கோமியத்துக்கு ஓடினார், செவ்வந்தியப்பன் அதை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக் கொப்பளித்து அவளுடைய கீரைப் பாத்தி முழுவதும் உமிழ்ந்தார், மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கோழை ஒழுக நிமிர்ந்து, "அறுங்கடா மரத்தை" என்றார். கையில் இன்னும் அந்த மீதிப் பழம் இருந்தது. அதைக் கீழே போட அவர் விரல்களுக்கு மனமில்லை. அதையும் மரகதவல்லி பார்த்தாள்.

ரம்பம் வந்தது. கோதண்டம் தலை குனிந்து நின்றார். அவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் நடந்துபோய் மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவே நின்றாள். தைரியத்தால் அல்ல, குமட்டலால்.

"என் மரம்" என்றாள். "நான் வச்சது. தொடாதீங்க."

"லேபம்மா, விலகுங்க. ஊரையே தீட்டாக்கிடுச்சு இந்த மரம்" என்றார் செவ்வந்தியப்பன்.

"ஒரு வாரமா ஊரு முழுக்க இதைத்தானே நக்குனீங்க. அப்ப எங்க போச்சு தீட்டு?" அவள் கீரைப் பாத்தியைக் கை காட்டினாள். "எனக்கு எல்லார் எச்சிலும் அசிங்கம்தான். ஆளு பாத்து அசிங்கப்படுறீங்களே, அது எனக்கு அதைவிட அசிங்கமா இருக்கு."

அதற்குள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு மூக்காயி உள்ளே வந்தாள். அந்தத் தோட்டத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நேராகச் செவ்வந்தியப்பனிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்க முதலாளி. உங்களுக்கு ஆகலேல்ல. என் வாய் பட்டது, நான் கொண்டு போறேன்."

அவர் கொடுத்தார். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல்தான் கொடுத்தார். மூக்காயி பழத்தை வெயிலில் பிடித்து, ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள், மறு பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவர் கடித்த பக்கத்தில் அவர் எச்சிலும் கோமியமும் நுரையாக நின்றன. அவள் முகம் சுருங்கியது. காலையிலிருந்து அங்கே சுருங்கிய முகங்களில் அதுதான் நிஜமாகச் சுருங்கிய முகம்.

"சீ" என்றாள். "நீங்க வாய் வச்சுட்டீங்களே. எனக்கு வேணாம்."

பழத்தை வேலியோரச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையை உதறி, சேலைத் தலைப்பில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பழம் கறுத்த நீரில் ஒரு சுற்றுச் சுற்றி மிதந்து போனது. செவ்வந்தியப்பன் அது போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார், நாக்கு அவரை அறியாமல் உதட்டை ஒருமுறை நக்கியது. அவரைச் சேர்ந்தவர்கள் அதைப் பார்க்காததுபோல் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தோட்டம் காலியானது.

அந்த மரம் வெட்டப்படவில்லை. அடுத்த வருடமும் காய்த்தது, அதற்கடுத்த வருடமும், பல்தடங்களோடுதான். ஊர் அதற்கும் பழகியது. பெயர் சொல்லிக் கொடுப்பதைக் கோதண்டம் நிறுத்திவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. இன்னாசியிடமிருந்து ஆப்பிளும் கிராப் ஆப்பிளும் ஜோடியாக வாங்கி நட்ட வீடுகள் பதினாறு ஆயின. செவ்வந்தியப்பன் கீழூருக்குப் போய், எந்த மரமும் தன் வாயை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று முப்பத்திரண்டு பல்லையும் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைத்துக்கொண்டார். பிறகு எதைத் தின்றாலும் அவருக்கு ருசி தெரியவில்லை என்று அவர் மனைவி சொல்லித் திரிந்தாள்.

ஆனால் அன்று, எல்லோரும் போன பிறகு, மூக்காயி மட்டும் கீரைப் பாத்தியோரம் நின்றுகொண்டிருந்தாள். மரகதவல்லி அவளை வீட்டுக்குள் கூப்பிட்டாள். கால் கழுவிக்கொண்டு வந்து, கூடத்து நாற்காலியில் நுனியில் உட்காராமல் நன்றாகவே சாய்ந்து உட்கார்ந்தாள் மூக்காயி. மரகதவல்லி டீ போட்டு, அலமாரியிலிருந்து தான் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரையே எடுத்து ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டும்போதே, இந்த டம்ளரில் இனி தன்னால் குடிக்க முடியுமா என்று யோசிக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. தன்மேலேயே அவளுக்கு ஓங்கரிப்பு வந்தது.

மூக்காயி டம்ளரை வாங்கவில்லை.

"லேபுல எனக்குன்னு ஜன்னல் மேல ஒரு கண்ணாடி கிளாஸ் வச்சிருந்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். "விளிம்பு உடைஞ்சது. நானே கழுவி நானே கவுத்தி வச்சுட்டுப் போகணும். இருபத்தெட்டு வருசம்."

"இருக்கு மூக்காயி."

"அதுல ஒரு சொகம் இருந்துச்சு லேபம்மா. வேற யாரும் அதுல வாய் வச்சதில்லேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்." அவள் டம்ளரை எட்டிப் பார்த்தாள். "இது நீங்க குடிக்கிறதுதானே?"

"ஆமா."

"நல்லாக் கழுவுனீங்களா?"

மரகதவல்லி டீயைக் கொட்டிவிட்டு, டம்ளரை அடுப்படிக்குக் கொண்டுபோய், சோப்பும் நாரும் எடுத்து, உள்ளும் புறமும் விளிம்புமாகத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து காட்டினாள். மூக்காயி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள், முகர்ந்தாள், விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"இன்னொரு தடவ கழுவிட்டு வாங்க" என்றாள்.

மரகதவல்லி அதை வாங்கிக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனாள்.